புதிய எஸ்எஸ்டி பொருத்தியாயிற்று, கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கிறதா? அறிகுறி வாரியாகத் தீர்வு

பழைய ஹார்ட் டிஸ்க்கை இன்னும் அழிக்கவில்லை அல்லவா? நல்லது. கீழே சொல்லியிருப்பதில் எதை வேண்டுமானாலும் முயன்று பாருங்கள், அதை மட்டும் இப்போது செய்யாதீர்கள். புதிய எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சுழலும் பாகமில்லாத வேகமான சேமிப்புச் சாதனம்) தனியாக நின்று கம்ப்யூட்டரை எழுப்புவதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய டிஸ்க்தான் உங்கள் காப்புப் பிரதி. உங்களுக்குச் சாட்சியும் அதுதான். சில வீடுகளில் குற்றவாளியும் அதுவாகவே இருக்கும்.

நண்பர்கள், உறவினர்கள் கம்ப்யூட்டர்களுக்கு எஸ்எஸ்டி மாட்டிக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். "புது டிரைவ் செத்தே வந்திருக்கிறது" என்று என் மேஜைக்கு வந்தவற்றில் உண்மையிலேயே செத்திருந்தவை மிகச் சில. மற்றதெல்லாம் ஸ்லாட், பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) அமைப்பு, பூட் கோப்பு (விண்டோஸை எழுப்பும் கோப்பு) உட்கார்ந்திருக்கும் இடம் என்று எங்காவது சிக்கிக்கொண்ட கதைதான். ஆகவே உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். கேபினட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். பிறகு கேபினட்டின் வெற்று உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை உள்ளே விடுங்கள்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

எஸ்எஸ்டியைக் குறை சொல்லாதீர்கள். எம்.2 ஸ்லாட் (மெல்லிய பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றித்தான் வேலை செய்திருப்பீர்கள். கார்டு முழுதாக உட்கார்ந்ததா, அதன் மின்கேபிளைத் திரும்பச் செருகினீர்களா, மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகிவிட்டீர்களா என்று பாருங்கள். அடுத்தது ரேம். புறங்கை பட்டு ஒரு ரேம் அரை மில்லிமீட்டர் எழும்பியிருந்தாலும் இதே கதிதான். எடுத்துவிட்டு, இரு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை மறுபடி அழுத்துங்கள். எம்.2 திருகு எங்கே என்பதையும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். அது மதர்போர்டின் மேல் எங்காவது விழுந்து கிடக்க, மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது நல்ல யோசனை அல்ல.

பயாஸில் டிரைவின் பெயரே இல்லை

முதலில் சரியான பக்கத்தில்தான் தேடுகிறீர்களா? பல மதர்போர்டுகளில் சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு முறை) டிஸ்க்குகளுக்கு ஒரு பட்டியல், என்விஎம்இ (புதிய, வேகமான முறை) டிரைவ்களுக்குத் தனியாக இன்னொரு பக்கம். சாட்டா பட்டியலில் 'காலி' என்று காட்டுவதைப் பார்த்துவிட்டுப் பதறுகிறவர்கள் நிறையப் பேர்.

அங்கேயும் இல்லையென்றால் கேபினட்டைத் திறந்து, திருகைக் கழற்றிவிட்டு டிரைவையே பாருங்கள். சரியாகச் செருகப்பட்ட எம்.2 டிரைவ், திருகு இல்லாதபோது படுத்துக் கிடக்காது. ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் தானாகத் தலையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். விரலால் அமுக்கினால் இறங்கும், விட்டால் எழும். தொளதொளவென்று ஆடினாலோ, தங்க நிறப் பற்கள் பட்டையாக வெளியே தெரிந்தாலோ அது பாதிதான் உள்ளே போயிருக்கிறது. அதே சாய்வில் பிடித்துக்கொண்டு, பற்கள் மெல்லிய கோடாகத் தெரியும்வரை உள்ளே தள்ளுங்கள். கீழே அமுக்கித் திருகு போடுவது அதற்குப் பிறகுதான்.

அந்தத் திருகு உட்காரும் சின்னப் பித்தளைக் குமிழ் சரியான துளையில் இருக்கிறதா என்பதும் முக்கியம். டிரைவின் மேல் 2280 என்று போட்டிருந்தால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். குமிழும் 80 என்று எழுதிய துளையில் இருக்க வேண்டும். குமிழே இல்லாமல் டிரைவை நேராகப் போர்டோடு சேர்த்து முடுக்கியிருந்த ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்திருக்கிறேன். டிரைவ் வில்லாக வளைந்திருந்தது. ஆச்சரியம், அப்போதும் அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. எத்தனை நாளைக்கு என்பது வேறு கேள்வி.

செருகியது சரி என்றால் அடுத்த சந்தேகம் பொருத்தம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் சாட்டா டிரைவும் வரும், என்விஎம்இ டிரைவும் வரும். பற்களுக்கு நடுவே ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. சில ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றைத்தான் ஏற்கும். ஆனால் இரண்டுமே உள்ளே போய் உட்கார்ந்துவிடும் என்பதுதான் வம்பு. உட்கார்ந்துவிட்டதே என்று நம்பாமல், மதர்போர்டு கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள்.

கையேட்டைப் படிக்காமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. இன்டெல் 10ஆம் தலைமுறை பிராசஸர் போட்ட ஒரு கம்ப்யூட்டர். பிராசஸருக்கு மிக அருகில் இருந்த எம்.2 ஸ்லாட்டில் டிரைவைப் பொருத்தினேன், தெரியவில்லை. செத்த டிரைவ் என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பினேன். மாற்றாக வந்ததும் தெரியவில்லை. இரண்டாவது முறைதான் கையேட்டை எடுத்தேன். அந்த ஸ்லாட் 11ஆம் தலைமுறை பிராசஸர் இருந்தால் மட்டுமே இயங்கும் என்று பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு. இன்டெல்லின் 400, 500 வரிசை சிப்செட் கொண்ட பல போர்டுகளில் இந்த ஏற்பாடு உண்டு. கீழே இருந்த இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றியதும் டிரைவ் உடனே தெரிந்தது. நல்ல டிரைவ் ஒன்றைத் திருப்பி அனுப்பிய குற்ற உணர்வு மட்டும் மிச்சம்.

எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய போர்டில், பிசிஐஇ (கிராபிக்ஸ் கார்டு செருகும் வகை ஸ்லாட்) அடாப்டர் கார்டு வைத்து என்விஎம்இ டிரைவ் போட்டிருக்கிறீர்களா? 2014க்கு முந்தைய பெரும்பாலான போர்டுகளின் பயாஸுக்கு என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. விண்டோஸ் எழுந்த பிறகு அந்த டிரைவ் தெரியும், கோப்புகள் வைக்கலாம்; அதிலிருந்து பூட் மட்டும் ஆகாது. இப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு சாட்டா எஸ்எஸ்டியே போதும் என்பது என் கட்சி. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்குப் போகும்போது கிடைக்கும் வித்தியாசம்தான் மலை; அங்கிருந்து என்விஎம்இக்குப் போவது அன்றாட வேலையில் ஒரு மேடுதான்.

பயாஸில் இருக்கிறது, விண்டோஸில் இல்லை

இது பிழையே அல்ல. புத்தம் புதிய டிரைவில் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) எதுவும் இருக்காது, அதனால் டிரைவ் எழுத்தும் இருக்காது. விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். 'இனிஷியலைஸ்' செய்யட்டுமா என்று கேட்கும். ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் அட்டவணை முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய எம்பிஆர் முறையில் 2 டிபிக்கு மேல் கையாள முடியாது. பிறகு வலது கிளிக் செய்து புதிய வால்யூம் உருவாக்கினால் முடிந்தது.

ஓர் எச்சரிக்கை: ஏற்கெனவே குளோன் செய்த (பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்த) டிரைவையோ, கோப்புகள் இருக்கும் டிரைவையோ பார்த்து இதே கேள்வி வந்தால் சம்மதம் சொல்லாதீர்கள். அங்கே பார்ட்டிஷன் அட்டவணை படிக்கப்படவில்லை என்று பொருள். டிரைவைக் கழற்றி மறுபடி செருகிப் பாருங்கள். குளோன்தான் என்றால் இன்னொரு முறை குளோன் செய்துகொள்ளலாம்.

1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டுகிறதே என்பவர்களுக்கு: யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

விண்டோஸ் நிறுவும்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறது

11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான இன்டெல் பிராசஸர்களில் இது அடிக்கடி வரும். பயாஸில் விஎம்டி என்ற, டிரைவ்களைக் கையாளும் இன்டெல் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், விண்டோஸ் நிறுவியிடம் அதற்கான டிரைவர் (இயக்கும் சிறு மென்பொருள்) இல்லாதபோது டிரைவ் அதன் கண்ணில் படாது. ரெய்டு (பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) வேண்டாதவர்கள் பயாஸில் விஎம்டியை அணைத்துவிடலாம். வேண்டும் என்பவர்கள் மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பென் டிரைவில் விரித்து வைத்து, நிறுவியில் 'லோட் டிரைவர்' வழியாகக் காட்ட வேண்டும். ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இருந்தால் விஎம்டியைத் திடீரென்று அணைக்காதீர்கள், நீலத் திரை (விண்டோஸின் பிழைத் திரை) வரும். அதைப் பற்றிக் கீழே.

விண்டோஸ் 7ஐ இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு: அதன் நிறுவியில் என்விஎம்இ டிரைவரே கிடையாது. 8.1 முதல்தான் உள்ளேயே வருகிறது.

பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினால் கம்ப்யூட்டர் எழ மறுக்கிறது

என்னிடம் அதிகம் வருவது இதுதான். புதிய எஸ்எஸ்டியில் விண்டோஸ் சுத்தமாக நிறுவியாயிற்று, வேகமாக ஓடுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு மாதம் கழித்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றுவார்கள், அல்லது அழித்துக் கோப்புக் கிடங்காக மாற்றுவார்கள். மறுநாள் காலை கருப்புத் திரையில் 'பூட் சாதனம் இல்லை' என்ற ஒற்றை வரி.

நடந்தது என்னவென்றால், நிறுவும்போது இரண்டு டிஸ்க்கும் மாட்டியே இருந்தன. பழையதில் ஏற்கெனவே ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் (பூட் கோப்புகள் தங்கும் சிறு பகுதி) இருந்ததால், நிறுவி புதிதாக ஒன்றை உருவாக்காமல் பூட் கோப்புகளை அங்கேயே வைத்துவிட்டது. விண்டோஸ் குடியிருப்பது புது வீட்டில், வாசல் சாவி தொங்குவது பழைய வீட்டில். வீட்டை இடித்தால் சாவியும் போயிற்று.

உங்கள் கம்ப்யூட்டரில் இப்படி இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் எஸ்எஸ்டியின் வரிசையைப் பாருங்கள். 100 எம்பி அளவில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்ற சிறு பெட்டி அதில் இருக்க வேண்டும். அது பழைய டிஸ்க்கின் வரிசையில் மட்டும் இருந்தால் நீங்களும் இந்த வரிசையில் நிற்கிறீர்கள்.

தீர்வு இரண்டு. விண்டோஸை நிறுவி ஒரு நாள்தான் ஆகிறது, உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை என்றால், பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் சுருக்கமான வழி. மாதக்கணக்கில் புழங்கியது என்றால் பூட் கோப்புகளை மட்டும் இடம் மாற்றலாம். சி டிரைவை 300 எம்பி சுருக்கி, அந்த இடத்தில் ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷனை உருவாக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, முதல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைத் திரை திறக்கும். டிஸ்க்பார்ட் என்ற பார்ட்டிஷன் கருவி வழியாக அந்தப் பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்தை ஒதுக்குங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு விண்டோஸ் கோப்புறை எது, பூட் கோப்புகள் போக வேண்டிய எழுத்து எது என்று காட்டினால், அது புதிதாக எழுதிக் கொடுத்துவிடும். கவனம்: பென் டிரைவிலிருந்து எழுந்த நிலையில் உங்கள் சி டிரைவ் வேறு எழுத்தில் நிற்கலாம். உள்ளே எட்டிப் பார்த்து உறுதிசெய்த பிறகு கட்டளையைக் கொடுங்கள். இதையெல்லாம் பழைய டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கி வைத்துவிட்டே செய்தால் கை தவறி அதைத் தொடும் ஆபத்தும் இல்லை.

குளோன் செய்தேன்: எழவில்லை, அல்லது நீலத் திரை

குளோன் முடிந்ததும் முதல் முறை எழுப்பும்போது பழைய டிஸ்க் கம்ப்யூட்டரில் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே அடையாள எண்ணைச் சுமக்கும் இரட்டையர். விண்டோஸ் குழம்பி, ஒன்றை 'ஆஃப்லைன்' என்று ஒதுக்கி வைத்துவிடும். அதைவிட மோசம், நீங்கள் எஸ்எஸ்டியில் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டு இன்னமும் பழையதிலேயே ஓடிக்கொண்டிருப்பது. "எஸ்எஸ்டி போட்டும் வேகமே வரவில்லை" என்று ஒருவர் கொண்டுவந்த கம்ப்யூட்டரில் இதுதான் நடந்திருந்தது. கழற்றுங்கள், பிறகு எழுப்புங்கள்.

எழவே இல்லை என்றால் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள். டிரைவின் பெயருக்குப் பதில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற பெயர்தான் முதலில் இருக்க வேண்டும். அந்தப் பெயரே பட்டியலில் இல்லையா? பழைய டிஸ்க் எம்பிஆர் முறையில் இருந்திருக்கும். குளோனும் அப்படியே வந்திருக்கும். புதிய போர்டுகள் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய வடிவம்) முறையில், ஜிபிடி டிஸ்க்கிலிருந்துதான் எழும். விண்டோஸ் 10இன் 1703 பதிப்பு முதல் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி உள்ளேயே வருகிறது; கோப்புகளை அழிக்காமல் மாற்றித் தரும். நிபந்தனை, டிஸ்க்கில் முதன்மைப் பார்ட்டிஷன்கள் மூன்றுக்கு மேல் இருக்கக் கூடாது, லாஜிக்கல் பார்ட்டிஷனும் ஆகாது. இதைக் குளோனின் மேல் ஓட்டிப் பாருங்கள், மூலத்தின் மேல் வேண்டாம். பிசகினால் இன்னொரு குளோன் எடுத்துக்கொள்ளலாம்.

பாதிவரை எழுந்து, 'இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்' என்று நீலத் திரை வந்தால் வேறு காரணம். சாட்டா டிஸ்க்கிலிருந்தே எழுந்து பழகிய விண்டோஸ், என்விஎம்இ டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றத் தேவையில்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒருமுறை சேஃப் மோடில் (மிகத் தேவையானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலை) எழுந்தால் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். எழ முடியாத கம்ப்யூட்டரைச் சேஃப் மோடுக்கு எப்படிக் கொண்டுபோவது? விண்டோஸ் சின்னம் தோன்றும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகச் சேஃப் மோடைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால், குளோன் எடுப்பதற்கு முன் எஸ்எஸ்டியை அதன் ஸ்லாட்டிலேயே பொருத்திப் பழைய விண்டோஸை ஒருமுறை எழுப்பி, டிரைவ் அதன் கண்ணில் படச் செய்துவிட்டுப் பிறகு குளோன் எடுங்கள்.

விஎம்டியையோ ரெய்டு முறையையோ மாற்ற நினைப்பவர்களுக்கும் இதே மருந்துதான், முன்கூட்டியே சாப்பிட வேண்டும். எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் 'சேஃப் பூட்'டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மறுதொடக்கத்தின்போதே பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். சேஃப் மோடில் எழுந்ததும் அந்தத் தேர்வை நீக்கிவிட வேண்டும்.

நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கிறது

இது டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். பயாஸில் எதையோ மாற்றியதால் அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கைபேசியிலிருந்து உள்ளே போய் எடுக்கலாம். இன்னும் பயாஸைத் தொடாதவர்கள் முதலில் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள்.

எஸ்எஸ்டி தெரிகிறது, பழைய ஹார்ட் டிஸ்க்தான் காணவில்லை

ஹார்ட் டிஸ்க் சாகவில்லை. பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஏதாவது ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகளும் ஒரே பாதையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. எம்.2இல் டிரைவ் வந்து உட்கார்ந்தால் அந்தப் போர்ட்டுகள் அணைந்துவிடும். எந்தெந்தப் போர்ட்டுகள் என்று கையேட்டில் இருக்கும், கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும்.

வேகம், பெட்டியில் போட்டதில் பாதிகூட இல்லை

முதலில் எந்த வேகம் நியாயமான எதிர்பார்ப்பு என்று பார்ப்போம். சாட்டா எஸ்எஸ்டிக்கு வினாடிக்கு 550 எம்பி உச்சம். பிசிஐஇ 3.0இல் நான்கு பாதையுடன் ஓடும் என்விஎம்இ 3,500 எம்பி அளவைத் தொடும், 4.0இல் 7,000. உங்கள் டிரைவ் 4.0 ஆக இருந்து ஸ்லாட் 3.0 என்றால் 3,500தான் கிடைக்கும். பிராசஸரும் இதில் கைவைக்கும். ஏஎம்டி ரைசன் 5000ஜி வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்கள் 3.0 மட்டுமே கொடுப்பவை, போர்டு 4.0 ஆக இருந்தாலும் சரி.

ஊகிக்க வேண்டியதில்லை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவியில் 'டிரான்ஸ்ஃபர் மோட்' என்று ஒரு கட்டம் உண்டு. இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் டிரைவால் முடிந்த வேகம். 'பிசிஐஇ 3.0 எக்ஸ்2' என்று இடப்பக்கமும் 'பிசிஐஇ 3.0 எக்ஸ்4' என்று வலப்பக்கமும் இருந்தால், டிரைவ் அரைச் சாலையில் ஓடுகிறது. வேறு ஸ்லாட் பாருங்கள், அல்லது கழற்றி மறுபடி செருகுங்கள்.

சோதனையில் வேகம் சரி, ஆனால் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது முதல் சில நிமிடம் பறந்து, பிறகு தவழ்கிறது என்றால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று சூடு. டிரைவ் 70, 80 டிகிரியைத் தாண்டும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். மதர்போர்டோடு வந்த உலோக மூடியைப் போட்டிருக்கிறேனே என்கிறீர்களா? கழற்றி, அதன் அடியில் உள்ள மெத்தென்ற பட்டையைப் பாருங்கள். அதன்மேல் கண்ணாடித்தாள் போன்ற மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமலே மாட்டியிருப்பீர்கள். மூலையை நகத்தால் நெருடினால் எழும். ஆனால் டிரைவின் மேல் உள்ள லேபிளை உரிக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும்.

இன்னொன்று டிரைவின் இயல்பு. எழுத வேண்டியதை முதலில் ஒரு வேகமான தற்காலிகப் பகுதியில் கொட்டிக்கொண்டு, பிறகு ஆறஅமர இடம் மாற்றுவது இன்றைய எஸ்எஸ்டிகளின் வழக்கம். அந்தப் பகுதி நிரம்பினால் அசல் வேகம் வெளியே தெரியும். க்யூஎல்சி என்ற விலை குறைந்த வகை டிரைவ்கள் சிலவற்றில் அது வினாடிக்கு 100 எம்பி அளவுக்குக்கூட இறங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கே சிரிக்கும். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தத் தற்காலிகப் பகுதியும் சுருங்கும், ஆகவே ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைத்திருங்கள். மற்றபடி இதற்கு மருந்து இல்லை.

பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு நகலெடுத்துவிட்டு 150 எம்பிதான் வருகிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊற்றுகிற குடம் அவ்வளவுதான் ஊற்றும்.

அவ்வப்போது சில வினாடி உறைந்து, பிறகு ஓடுகிறது

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பதிவைத் திறந்து, உறைந்த நேரத்தில் 129 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். டிரைவ் பதில் சொல்லவில்லை, அதனால் விண்டோஸ் அதைத் தட்டி எழுப்பியது என்பது அதன் பொருள். சாட்டா எஸ்எஸ்டி என்றால் கேபிளை மாற்றுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் சி7 என்ற வரிசையில் உள்ள எண்ணை (கேபிள் வழியில் நேர்ந்த தரவுப் பிழைகளின் கணக்கு) குறித்துவைத்து, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். அது ஏறியிருந்தால் கேபிளிலோ போர்ட்டிலோதான் கோளாறு. ஏறிய எண் இறங்காது, ஆகவே பழைய கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். என்விஎம்இ என்றால் தயாரிப்பாளரின் கருவியைக் கொண்டு ஃபர்ம்வேரைப் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பியுங்கள். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸின் கீழ் உள்ள 'லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்'டையும் அணைத்துவையுங்கள்.

அப்போதும் நிற்கவில்லை என்றால் சாட்சியைக் கூப்பிட வேண்டியதுதான். எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு, நீங்கள் அழிக்காமல் வைத்திருக்கும் பழைய டிஸ்க்கை மட்டும் மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். மெதுவாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதிலும் உறைந்தால் எஸ்எஸ்டி நிரபராதி; ரேமையும் பவர் சப்ளையையும் சோதியுங்கள். பழையதில் ஒருமுறைகூட உறையவில்லை என்றால் 129 பதிவுகளைப் படமெடுத்துக்கொண்டு, உத்தரவாதத்தில் மாற்றித் தரக் கேளுங்கள். மாற்று டிரைவ் வரும்வரை பழைய டிஸ்க்கிலேயே வேலையைத் தொடரலாம்.